பத்தாவது ஆள் சேர்ந்தாச்சா? இ.எஸ்.ஐ., குரூப் மெடிக்ளெய்ம்: முதலாளிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் சிறு தொழில் நடத்துபவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு), குரூப் மெடிக்ளெய்ம் (ஊழியர்களுக்காகக் கம்பெனி மொத்தமாக எடுக்கும் மருத்துவக் காப்பீடு) வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். இந்த முறை வழக்கத்தைவிட அதிகமாகக் கேள்விகள் வந்திருக்கின்றன. காரணம் தெரிந்ததுதான். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. ஆனால் 2019 ஜூலை முதல் நாம் கட்டி வரும் சதவீதம் அப்படியேதான் இருக்கிறது: முதலாளி பங்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75. 16,000 ரூபாய் சம்பளக்காரருக்கு நீங்கள் 520, அவர் 120. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: மேடம், திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். எட்டு டெய்லர்கள். நானும் தம்பியும் டைரக்டர்கள், கம்பெனியிலிருந்து மாதம் சம்பளம் எடுத்துக்கொள்கிறோம். பத்துப் பேர் இல்லை என்றுதான் ஆடிட்டர் சொல்கிறார். இ.எஸ்.ஐ. வருமா, வராதா?

வரும். சம்பளம் வாங்கும் டைரக்டரும் இ.எஸ்.ஐ. கணக்கில் ஊழியர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2019-இலேயே சொல்லிவிட்டது. எட்டும் இரண்டும் பத்து. பத்துப் பேர் ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. கட்டாயம்.

இதில் இன்னொரு சங்கதி. தலையை எண்ணுவது வேறு, பங்கு கட்டுவது வேறு. 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு நீங்கள் பங்கு கட்ட வேண்டியதில்லை. ஆனால் பத்துப் பேரை எண்ணும்போது அவரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். புதிய தொகுப்பில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ‘எங்களிடம் 21,000-க்குக் கீழே ஆறு பேர்தான்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒருமுறை பத்தைத் தொட்டு உள்ளே வந்துவிட்டால், அப்புறம் ஆள் குறைந்து ஏழு பேர் ஆனாலும் வெளியே வர முடியாது.

பத்துப் பேர் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, இதுவரை பதிவு செய்யவில்லை என்று வேறு இரண்டு பேரும் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பழைய பாக்கியைக் கட்டும்போது தொழிலாளியின் 0.75 சதவீதத்தை இப்போதைய சம்பளத்தில் பிடிக்க முடியாது. அந்தந்த மாதத்துப் பங்கை அந்தந்த மாதச் சம்பளத்தில்தான் பிடிக்கலாம். விட்டுப்போனால் அது உங்கள் கைக்காசு. மேலே ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி. நாள் தள்ளத் தள்ள ஏறும்.

கேள்வி: அக்கா, எங்களுடையது சின்ன ஃபவுண்டரி. ஒடிசா பையன் ஒருவன் திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தான். புதன்கிழமை கையில் அடிபட்டு இரண்டு விரல் போய்விட்டது. ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வைத்திருந்தோம், ஆனால் இ.எஸ்.ஐ.யில் பெயர் ஏற்றவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து இதுவரை நாங்களே செலவு செய்கிறோம். இனி பெயர் ஏற்றினால் ஏதாவது கிடைக்குமா, அல்லது பிரச்சினை ஆகுமா?

கிடைக்கும். தயங்காமல் செய்யுங்கள். உங்கள் ஃபவுண்டரிக்கு ஏற்கெனவே இ.எஸ்.ஐ. எண் இருப்பதாக எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

சாதாரணக் காய்ச்சலுக்குச் சம்பளத்தில் பாதிக்கு மேல் பணம் வாங்க வேண்டும் என்றால் இத்தனை நாள் பங்கு கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. வேலையில் பட்ட காயத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. முதல் நாள், முதல் மணி நேரத்தில் அடிபட்டாலும் அவர் காப்பீட்டுக்குள் இருப்பவர்தான். குணமாகி வரும்வரை தினச் சம்பளத்தில் 90 சதவீதம் இ.எஸ்.ஐ. கொடுக்கும். விரல் போனதால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவக் குழு பார்த்து, அந்த விகிதத்தில் வாழ்நாள் முழுக்க மாதாமாதம் பணம் வரும்.

இப்போது செய்ய வேண்டியவை. அவர் சேர்ந்த தேதியை உண்மையான தேதியாகவே போட்டு இன்றே பதிவு செய்யுங்கள். விபத்து அறிக்கையை, அதாவது நாம் ‘ஃபார்ம் 12’ என்று சொல்வதை, ஆன்லைனில் அனுப்புங்கள். அதை 24 மணி நேரத்துக்குள் அனுப்பியிருக்க வேண்டும். தாமதமாகிவிட்டது, காரணத்தை எழுதி அனுப்புங்கள். அடிபட்ட பிறகு பதிவான பெயர் என்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ‘விபத்துக்கு அப்புறம் ஆளைக் கணக்கில் சேர்த்தார்களா, அல்லது முன்பே வேலையில் இருந்தவர்தானா’ என்று நேரில் வந்து பார்ப்பார்கள். வருகைப் பதிவேட்டில் திங்கள், செவ்வாய் கையெழுத்து இருக்கிறதா, கேட் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, பக்கத்து மோல்டிங் ஆட்கள் என்ன சொல்கிறார்கள், இவைதான் சாட்சி. வருகைப் பதிவேட்டில் இனிமேல் உட்கார்ந்து பழைய தேதிக்குக் கையெழுத்து வாங்கும் வேலை மட்டும் வேண்டாம். மை வித்தியாசம் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தக் கேள்வியில் கொஞ்சம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான முதலாளிகள் இ.எஸ்.ஐ.யை ஒரு வரி மாதிரி பார்க்கிறார்கள். தொழிலாளிக்குப் போகும் காசு, நமக்கென்ன லாபம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பையன் இ.எஸ்.ஐ.யில் இருந்தால், அந்த விரல்களுக்கு நஷ்டஈடு கேட்டு உங்கள்மேல் தொழிலாளர் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. சட்டமே அதைத் தடுக்கிறது. அந்தப் பாரத்தை இ.எஸ்.ஐ. கழகம் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கும் யூனிட்டில் இதே விபத்து நடந்தால் முழு இழப்பீடும் முதலாளியின் பொறுப்பு. வயது குறைந்த தொழிலாளி என்றால் தொகை இன்னும் கூடும். நீங்கள் மாதம் கட்டும் 3.25 சதவீதத்தில் ஒரு பகுதி உங்களுக்கு நீங்களே எடுத்துக்கொள்ளும் காப்பீடு. ஆளைச் சேர்த்த அன்றே பெயரை ஏற்றிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. பத்து நாளுக்குள் ஏற்ற வேண்டும் என்பது விதி. ஃபவுண்டரியில் பத்து நாள் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 5 லட்சம் வரை அதிலேயே பார்த்துக்கொள்ளலாமே. எதற்கு இ.எஸ்.ஐ.?

அது குடும்பங்களுக்கு அரசு தரும் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. முதலாளி என்ற முறையில் உங்கள்மேல் இருக்கும் கடமை. ஒன்று இருப்பதால் மற்றது போகாது. மேலும் அந்த அட்டை ஆஸ்பத்திரிச் செலவைத்தான் பார்க்கும். படுத்துக் கிடக்கும் நாட்களுக்குச் சம்பளம் தராது. இ.எஸ்.ஐ. தரும்: தினச் சம்பளம் 500 என்றால் 350, ஆண்டுக்கு 91 நாள் வரை. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட கால நோய் என்றால் 80 சதவீதமாக இரண்டு வருடம் வரை நீளும்.

போகிற போக்கில் இன்னொன்று: மாதம் 10,000 சம்பளம் என்றாலே ஆண்டுக்கு 1,20,000 ஆகிவிடுகிறது. உங்கள் டெய்லர்கள் எத்தனை பேர் அந்த வரம்புக்குள் வருவார்கள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கேள்வி: வணக்கம் மேடம். ஜூன் மாதம் இன்க்ரிமென்ட் போட்டதில் ஒரு சூப்பர்வைசரின் சம்பளம் 20,500-லிருந்து 22,500 ஆகிவிட்டது. ஜூலையிலிருந்து அவருக்கு இ.எஸ்.ஐ. பிடிப்பதை நிறுத்திவிட்டோம். இப்போது அது தவறு என்கிறார்கள்.

தவறுதான். செப்டம்பர் 30 வரை பிடித்துக் கட்ட வேண்டும். அதுவும் 21,000-க்கு அல்ல, முழு 22,500-க்கும்.

இ.எஸ்.ஐ.க்கு ஆண்டு இரண்டு பாதி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஒரு பாதி தொடங்கும்போது உள்ளே இருப்பவர் அந்தப் பாதி முடியும்வரை உள்ளேதான். நடுவில் சம்பளம் கூடினாலும் வெளியேற்றக் கூடாது. அக்டோபர் 1 அன்று சம்பளம் எவ்வளவு என்று பார்த்து, வரம்பைத் தாண்டியிருந்தால் அப்போது வெளியே எடுங்கள்.

இதில் தொழிலாளிக்கு ஒரு நல்ல செய்தி உண்டு, அதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டிய பங்குக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். ஆக, அக்டோபரில் நீங்கள் பிடிப்பதை நிறுத்தினாலும் அவருக்கும் குடும்பத்துக்கும் அடுத்த ஜூன் வரை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக் கதவு திறந்திருக்கும். குரூப் மெடிக்ளெய்மில் புதிதாகச் சேர்க்கும் சூப்பர்வைசரிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டில் அம்மாவுக்கு ஏற்கெனவே அங்கே சிகிச்சை நடந்துகொண்டிருக்கலாம்.

இனி, இந்த 22,500 என்பதையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டத் தொகுப்பு வந்தபின் ‘ஊதியம்’ என்பதற்கு வேறு விளக்கம். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டும் ஊதியம். வீட்டு வாடகைப்படி, பயணப்படி, ஓவர்டைம், கமிஷன் ஆகியவை ஊதியத்தில் சேராது. ஆனால் அப்படிச் சேராதவை எல்லாம் கூடி மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். மொத்தம் 30,000. அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000. வீட்டு வாடகை 10,000. பயணப்படி 8,000. சேராதவை 18,000, பாதி என்பது 15,000, தாண்டியது 3,000. ஆக ஊதியம் 12,000-உடன் 3,000 சேர்த்து 15,000. கையில் 30,000 வாங்குகிறவர் 21,000 வரம்புக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்! பழைய விளக்கத்தில் வீட்டு வாடகையும் சேர்ந்ததால் அவர் வெளியே இருந்தார். சம்பளத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் படிகளாகக் கொடுத்துப் பழகிய நிறுவனங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சம்பளப் பட்டியலில் ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்று பொதுவாகப் பெயர் வைத்திருப்பது இந்த விலக்குப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

பயணப்படி ஊதியமா இல்லையா என்ற சண்டை புதிதல்ல. நம் கோவை டெக்ஸ்மோ நிறுவனத்துக்கும் இ.எஸ்.ஐ. கழகத்துக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-இல் பயணப்படி ஊதியம் ஆகாது என்று முடிந்தது. இப்போது சட்டமே அதை எழுத்தில் சொல்லிவிட்டது.

கேள்வி: தீபாவளி ஆர்டருக்கு ஓவர்டைம் போட்டதில் பலருக்கு 24,000 தாண்டிவிட்டது. அந்த மாதம் இ.எஸ்.ஐ. உண்டா?

உண்டு. ஓவர்டைம் கூடியதால் யாரும் வரம்பைத் தாண்டியதாக ஆகாது. பழைய சட்டத்தில் வரம்புக்கு ஓவர்டைமைப் பார்க்க மாட்டார்கள், பங்கு மட்டும் அதன்மேலும் கட்ட வேண்டும். புதிய விளக்கத்தில் ஓவர்டைம் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. மேலே சொன்ன பாதிக் கணக்கு மட்டும் பொருந்தும்.

கேள்வி: எல்லா ஊழியர்களுக்கும் குடும்பத்தோடு 5 லட்சத்துக்கு குரூப் மெடிக்ளெய்ம் எடுத்துவிட்டோம். எங்கள் ஊழியர்களே இ.எஸ்.ஐ. வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார்கள். போதுமா?

போதாது. அந்தக் கடிதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. தொழிலாளி வேண்டாம் என்றாலும் முதலாளி கட்டியாக வேண்டும்.

அவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. டிஸ்பென்சரியில் வரிசையில் நிற்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும், மருந்து இல்லை என்பார்கள். இந்தப் புகாரில் உண்மை இருக்கிறது. இல்லையென்று நான் வாதாட மாட்டேன். ஆனால் 5 லட்சம் தீர்ந்துபோன பிறகும் டயாலிசிஸ் தேவைப்படும் குடும்பங்கள் உண்டு. இ.எஸ்.ஐ.யில் சிகிச்சைக்கு ஒரு தொகை வரம்பு வைத்து நிறுத்துவதில்லை. முடிந்தால் இரண்டையும் கொடுங்கள். சின்னச் சின்ன அவசரத்துக்கு மெடிக்ளெய்ம், நீண்ட வியாதிக்கும் விபத்துக்கும் இ.எஸ்.ஐ. பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை என்றால் இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு மெடிக்ளெய்ம் தொகையைக் குறைத்து 1 லட்சமாக வைப்பதும் நடைமுறையில் உண்டு.

கேள்வி: நான் சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் எச்.ஆர். புதிதாகச் சேர்ந்த ஒருவர் சேர்ந்த மூன்றாவது வாரம் டெங்குவால் அட்மிட் ஆனார். கேஷ்லெஸ் கேட்டால் ‘பெயர் பட்டியலில் இல்லை’ என்று டி.பி.ஏ. (இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்ம்களைப் பார்க்கும் நிறுவனம்) மறுத்துவிட்டது. மாதக் கடைசியில்தான் நாங்கள் புதியவர்களின் பட்டியலை அனுப்புவோம். ஊழியர் எங்கள்மேல் கோபமாக இருக்கிறார். என்ன செய்யலாம்?

இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலில் உங்கள் பாலிசியை எடுங்கள். ‘மிட் டெர்ம் அடிஷன்’, அதாவது நடுவில் ஆள் சேர்ப்பது, என்ற தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது? பல பாலிசிகளில், சேர்ந்த தேதியிலிருந்தே காப்பீடு உண்டு, ஆனால் இத்தனை நாளுக்குள் பெயரைத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கும். அந்தக் கெடு இன்னும் முடியவில்லை என்றால் இன்றே பெயரை அனுப்பி, சேர்ந்த தேதியிலிருந்து என்டார்ஸ்மென்ட் (பாலிசியில் பெயர் சேர்க்கும் திருத்தம்) கேளுங்கள்.

அடுத்தது சி.டி. கணக்கு. புதிதாகச் சேருபவர்களுக்கான பிரீமியத்துக்கு என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் முன்பணமாகப் போட்டு வைக்கிறீர்களே, அது. அதில் அன்றைய தேதியில் போதிய பணம் இருந்ததா? பிரீமியம் வராமல் காப்பீடு கிடையாது என்பது 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பணம் இருந்தால் உங்கள் வாதத்துக்குப் பலம். கணக்குக் காலியாக இருந்தால் புரோக்கர் எவ்வளவு முட்டி மோதினாலும் கஷ்டம்தான். இந்தக் கணக்கைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. எச்.ஆர். அக்கவுன்ட்ஸ் பார்ப்பதாக நினைப்பார், அக்கவுன்ட்ஸ் புரோக்கர் பார்ப்பதாக நினைக்கும்.

இரண்டும் கைகொடுக்கவில்லை என்றால் அந்த ஆஸ்பத்திரிப் பில்லைக் கம்பெனியே கொடுப்பதுதான் நியாயம். அவருடைய ஆஃபர் லெட்டரில் ‘மருத்துவக் காப்பீடு உண்டு’ என்று போட்டிருப்பீர்கள். மூன்று வாரம் பொறுத்து உண்டு என்று போடவில்லையே.

இனிமேல் பட்டியலை மாதக் கடைசி வரை வைத்திருக்காதீர்கள். வாரா வாரம் அனுப்புங்கள். மனைவி, பிள்ளை பெயர்களையும் சேரும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், குழந்தை பிறந்தவர்கள் தெரிவிப்பதற்கும் பாலிசியில் தனிக் கெடு இருக்கும்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் 1,80,000 பில். பாலிசி 3 லட்சம். ஆனால் 1,25,000 தான் கொடுத்தார்கள். மீதி 55,000-ஐ ஊழியர் கையிலிருந்து கட்டினார். ‘எச்.ஆர். ஏமாற்றிவிட்டது’ என்று கேன்டீனில் பேசுகிறார்கள்.

அறை வாடகையைப் பார்த்தீர்களா? 3 லட்சத்தில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 என்று வரம்பு இருந்திருக்கும். அவர் 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் இருந்திருப்பார். 30,000 வாடகையில் 15,000 போச்சு. அதோடு விடாது. பெரிய அறைக்குப் போனால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் கட்டணம் எல்லாம் கூடும் ஆஸ்பத்திரிகளில், அவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். 80,000 இருந்தால் 40,000. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் உபகரணம் ஆகியவற்றில் இப்படிக் கை வைக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அந்த 70,000 முழுதாக வந்திருக்கும். கூட்டிப் பாருங்கள், 1,25,000.

இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்களை ஏமாற்றவில்லை, நீங்களும் ஊழியரை ஏமாற்றவில்லை. ஆனால் ‘3,000 ரூபாய் அறைக்குமேல் போகாதே’ என்று அவரிடம் அட்மிஷனுக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. நாற்பது பக்கப் பாலிசியை மெயிலில் அனுப்புவது சொன்னதாக ஆகாது. ஊழியர் அடையாள அட்டையின் பின்பக்கம் மூன்று வரி அச்சிடுங்கள்: அறை வரம்பு எவ்வளவு, டி.பி.ஏ. போன் எண், அப்பா அம்மாவுக்கு எத்தனை சதவீதம் கைக்காசு. அடுத்த புதுப்பித்தலில் அறை வரம்பை எடுத்துவிட்டால் பிரீமியம் எவ்வளவு கூடும் என்றும் கேட்டுப் பாருங்கள். 5 லட்சத்தை 7 லட்சமாக்கிப் பெருமைப்படுவதைவிட இதற்குச் செலவழிக்கும் பணம் பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: அம்மா, எங்கள் மில்லில் நான்கு மாதத்துக்கு முன் சேர்ந்த பெண்ணுக்குப் பிரசவ விடுப்பு. இ.எஸ்.ஐ. பணம் தருமா? நான்கு மாதம்தானே ஆகிறது?

உங்களிடம் நான்கு மாதம். அதற்கு முன் வேறு மில்லில் இருந்தாரா என்று கேளுங்கள். முந்தைய இரண்டு பாதியாண்டுகளிலும் சேர்த்து 70 நாள் பங்கு கட்டியிருந்தால் போதும். அது எந்த முதலாளி கட்டியது என்று பார்ப்பதில்லை. 26 வாரம், முழுச் சம்பளம், இ.எஸ்.ஐ.யே தரும்.

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஏற்கெனவே இன்ஷூரன்ஸ் நம்பர் இருக்கும் பெண்ணுக்குப் புதிதாக இன்னொரு நம்பர் எடுத்துவிடுவார்கள், பழையதைத் தேடச் சோம்பல்பட்டு. பழைய நம்பரில் இருக்கும் நாட்கள் எல்லாம் அந்தரத்தில் நின்றுவிடும். உங்கள் பெண்ணுக்கு எப்படிப் பதிந்தீர்கள் என்று முதலில் பாருங்கள். இரண்டு நம்பர் இருந்தால் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இணைக்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஊதிய வரம்பைத் தாண்டியவர் என்றால் அந்த 26 வாரச் சம்பளம் நீங்கள் கொடுக்க வேண்டியது. அதற்கு முந்தைய 12 மாதத்தில் உங்களிடம் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். உயிரோடு இரண்டு குழந்தைகள் இருப்பவருக்கு 12 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். இந்த உரிமைகளை வேலையில் சேரும்போதே பெண்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 2017 முதல் விதி. எத்தனை நியமனக் கடிதங்களில் இதைப் பார்த்திருக்கிறீர்கள்?

கேள்வி: செக்யூரிட்டியும் ஹவுஸ்கீப்பிங்கும் கான்ட்ராக்டர் ஆட்கள். இ.எஸ்.ஐ. அவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறோம்.

ஒப்பந்தம் உங்கள் இருவருக்கும் இடையில். இ.எஸ்.ஐ. கழகம் முதலில் கேட்பது முதன்மை முதலாளியான உங்களைத்தான். பிறகு நீங்கள் கான்ட்ராக்டரிடம் வசூல் செய்துகொள்ளலாம். அவர் பில் கொடுக்கும்போது சலானை மட்டும் வாங்கி ஃபைலில் வைக்காதீர்கள். சலானில் மொத்தத் தொகைதான் இருக்கும். உங்கள் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் பெயர் அதில் இருக்கிறதா என்பது ஆள்வாரியான பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பட்டியல் வந்தால் பில் பாஸ், இல்லையென்றால் நிறுத்தி வையுங்கள். கான்ட்ராக்டர்கள் இரண்டே மாதத்தில் பழகிவிடுவார்கள்.

கேள்வி: பீகார் ஆட்கள் எங்களிடம் அதிகம். குடும்பம் ஊரில் இருக்கிறது. ‘எங்களுக்கு எதற்கு இந்தப் பிடித்தம்’ என்கிறார்கள்.

குடும்பத்துக்கு அவர்கள் ஊரிலேயே டிஸ்பென்சரியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். பதிவின்போது குடும்பம் வேறு மாநிலத்தில் இருப்பதாகப் போட்டு, அந்த மாவட்டத்தைக் காட்ட வேண்டும். நம் ஆட்கள் அவசரத்தில் எல்லோருக்கும் சிங்காநல்லூர் என்று போட்டுவிடுகிறார்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால் பீகாரிலிருந்து சிங்காநல்லூருக்கா வருவார்? பிடித்தம் பிடிக்காமல் போவதில் ஆச்சரியம் இல்லை. குடும்பத்தினரின் ஆதார் விவரத்தையும் அப்போதே ஏற்றிவிடுங்கள். தினக்கூலி சராசரியாக 176 ரூபாய் வரை உள்ளவருக்குத் தொழிலாளி பங்கே கிடையாது, முதலாளி பங்கு மட்டும்தான். நம் பகுதிக் கூலியில் அப்படி யாரும் இருக்க மாட்டார்கள் என்றாலும் விதி அப்படி.

கேள்வி: முப்பது வருடம் எங்களோடு இருந்த ஃபிட்டர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவருக்கு மருத்துவத்துக்கு ஏதாவது வழி?

ஓய்வு வரை இ.எஸ்.ஐ.யில் இருந்து, குறைந்தது ஐந்து வருடம் பங்கு கட்டியிருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் போதும். அவருக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். ஆமாம், நூற்று இருபதுதான், அச்சுப் பிழை இல்லை. ஓய்வு பெற்றதற்கான சான்றை நீங்கள் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்துக் கிளை அலுவலகத்துக்கு உங்கள் ஆளையும் கூட அனுப்பி வையுங்கள்.

மெடிக்ளெய்மில் இருந்தவர் என்றால் கடைசி வேலை நாளோடு அது முடிந்துவிடும். அதே கம்பெனியில் தனிநபர் பாலிசிக்கு மாறலாம்; குரூப்பில் இருந்த வருடங்கள், சில நோய்களுக்குப் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தில் கழியும். ஆனால் வயதையும் உடல்நிலையையும் பார்த்துத்தான் ஏற்பார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பது அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கேள்வி: அப்படியானால் எங்கள் குரூப் பாலிசிக்கும் ஜி.எஸ்.டி. போய்விட்டதா? புரோக்கர் கொட்டேஷனில் 18 சதவீதம் போட்டிருக்கிறாரே?

புரோக்கர் போட்டது சரி. விலக்கு தனிநபருக்கும் குடும்ப பாலிசிக்கும்தான்; குரூப்புக்கு 18 சதவீதம் தொடர்கிறது. சட்டப்படி கட்டாயம் இல்லாத குரூப் பாலிசிக்குக் கட்டும் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் காட்டி நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழிக்கவும் முடியாது, அதனால் பட்ஜெட்டில் செலவாகவே வையுங்கள். பிரீமியத்தைச் செக்காகவோ வங்கி மூலமாகவோ கட்டுங்கள்; ரொக்கமாகக் கட்டினால் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. கொட்டேஷன் இன்னும் கையில்தான் இருக்கிறது என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அறை வாடகை வரம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.